மூன்று மூக்குகளின் தீர்ப்பு

கிறகோரி குடிக்கமாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த இரண்டு சொல்லையும் நிரூபிக்க அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. இரண்டு மன்றுகள், நான்கு நடுவர்கள், ஒரு கட்டுக் கடுதாசி. நிரூபணமான அன்றைக்கு அது உண்மையாக இருக்கவில்லை என்பதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

அவருடைய தகப்பன் குடித்துவிட்டுக் கடல் தொழிலுக்குப் போய் வள்ளத்தோடு தாழ்ந்து போனவர். ஆகையால் கலியாணத்துக்கு முதல் கிழமை, பாசையூர் அந்தோனியார் முன்னால் முழங்காலில் நின்று, ஒரு சொட்டும் தொண்டையால் இறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். இருபத்தாறு வருஷமாக இறக்கவில்லை. குருநகரில் கலியாணம், செத்தவீடு, பெருநாள் எதுவென்றாலும் மற்றவர்கள் விழுந்து கிடக்க, அவர்களைக் காரில் தூக்கிப் போட்டு வாசலில் இறக்கிவிடுவது அவருடைய வேலை. அதற்கு அவர் ஒருநாளும் கூலி வாங்கியதில்லை.

பிறகு குருநகரில் பீரங்கிச் செல் விழத் தொடங்கியது. மனைவி மரியநாயகியின் சொந்தக்காரர் பண்டத்தரிப்பில் இருந்தார்கள். ஒரு தையல் மெசின், ஒரு மாதா சொரூபம், மகள் பெர்னடெட், இவ்வளவையும் தன்னுடைய ஒஸ்ரின் ஏ-40 காரில் ஏற்றிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். மருமகன் ஏதோ அலுவலாகக் கொழும்புக்குப் போனவன், சண்டையில் பாதை பூட்டப்பட அங்கேயே அகப்பட்டுப் போனான். போகும்போது பெர்னடெட்டின் வயிற்றில் பிள்ளை.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது கதைப்பதற்கு மட்டும் இருந்த சாமான். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடத் தொடங்கினால் ஓடும். தொடங்க வைப்பதுதான் பாடு. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. வசதியுள்ளவர்கள் மருந்து மாதிரிச் சொட்டுச் சொட்டாகப் பெற்றோல் விட்டு எழுப்பினார்கள். கிறகோரிக்கு அந்த வசதி இல்லை. அவர் வடிசாராயம் விட்டு எழுப்பினார். களவாகக் காய்ச்சுகிறவர்களிடம் முதலில் இறங்குகிற வடி; நெருப்புக்குச்சி தட்டிக் காட்டினால் நீலமாய் எரியும். அதைச் சேலைன் போத்தலில் விட்டு, பொனற்றுக்குள் உயரக் கட்டி, ரியூப்பின் நுனியை வாயில் வைத்து இழுப்பார். வாய்க்கு வந்ததும் துப்பிவிட்டு ரியூப்பைக் காபரேற்றரில் சொருகுவார். கார் இரண்டு தரம் இருமும், பிறகு எழும்பிவிடும். கிறகோரி மூன்று தரம் வாய் கொப்பளித்து, அந்தோனியாரிடம் மன்னிப்புக் கேட்டு, ஸ்ரேறிங்கைப் பிடிப்பார். மணம் மட்டும் மத்தியானம் வரை போகாது.

பெர்னடெட்டை நாலாம் மாதக் கிளினிக்குக்குக் கொண்டுபோன காலையில், சண்டிலிப்பாய்ச் சந்தியில் அவரை மறித்தார்கள். அப்போது ஆட்சி நடத்தியவர்கள் புதிதாகப் பொலிஸ் வைத்திருந்தார்கள். பொலிசுக்கென்று புதிதாகச் சட்டப்புத்தகம், சட்டப்புத்தகத்துக்கென்று புதிதாக மன்றுகள், மன்றுகளுக்கென்று புதிதாகத் தைத்த கறுப்பு அங்கிகள். எல்லாமே புதிது. சனங்கள் மட்டுந்தான் பழசு.

குடிவெறியை அளக்கிற கருவி வடக்கே வரக் கொழும்பு அரசாங்கத்தின் தடை. ஆகவே சட்டப்புத்தகம் மூன்று மூக்குகளை விதித்திருந்தது. மூன்று உத்தியோகத்தர் தனித்தனியே மணந்து, தனித்தனியே கையெழுத்து வைக்க வேண்டும். முதலாவது ஆள், அவர்களின் மேலாள், மணந்து கண்ணை மூடினான். இரண்டாவது ஆள் மணந்து தலையை ஆட்டினான். மூன்றாவது ஆள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தான்.

"எனக்குத் தடிமன் அண்ணை. ஒண்டும் மணக்கேல்லை," என்றான் மேலாளிடம்.

"மணக்கேல்லை எண்டு எழுதப் படிவத்திலை இடமில்லை," என்றான் மேலாள். "ரெண்டு பேருக்கு மணந்தால் மூண்டாவது ஆளுக்கும் மணந்ததாய்த்தான் கொள்ள வேணும். வை கையெழுத்தை."

கிறகோரி இறங்கி வந்து பொனற்றைத் திறந்தார். போத்தலைக் காட்டினார், ரியூப்பைக் காட்டினார், இழுக்கிற விதத்தைச் சாடையாகச் செய்தும் காட்டினார். காருக்குள் இருந்து பெர்னடெட், "அப்பா குடிக்கிறேல்லைத் தம்பி, அந்தோனியாருக்கு வாக்குக் குடுத்தவர்," என்று சொன்னாள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு மேலாள் எழுதினான். 'சந்தேகநபர் வாகனத்தில் மறைத்து வைத்திருந்த சாராயத்தைத் தாமே எடுத்துக் காட்டினார். அதைக் குடிக்கும் முறையையும் நடித்துக் காட்டினார்.'

கீழ் மன்றில் வழக்கு மூன்று நிமிஷம் நடந்தது.

"வாயிலை சாராய மணம் இருந்ததோ?" என்று நடுவர் கேட்டார்.

"இருந்தது ஐயா, ஆனால்..."

"ஆனால் எண்டு தொடங்கிறதெல்லாம் மேன்முறையீட்டிலை. இஞ்சை ஓம், இல்லை, ரெண்டுதான்."

ஓட்டுநர் அனுமதி ஒரு வருஷத்துக்கு இல்லை. கார் சான்றுப்பொருள் ஒன்று, போத்தல் சான்றுப்பொருள் இரண்டு. மேன்முறையீடு முடியும் வரை இரண்டும் மன்றின் பொறுப்பில் இருக்கும். சான்றுப்பொருள் குறையாமல் இருக்க வேண்டும் என்று சட்டம் இருந்தபடியால், காய்ச்சுகிறவனையும் பிடித்து அவனுடைய இரண்டு கலன் வடியையும் அதே இலக்கத்தில் பதிந்தார்கள். கிறகோரி பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

மேல் மன்று உரும்பிராயில், கனடாவுக்குப் போன யாரோ ஒருவருடைய மாடிவீட்டில் இருந்தது. முன்னாலிருந்த மாமரத்துக்குக் கீழே தம்பிஐயா மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பழைய நீதிமன்றத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவர். அவருக்கு எந்த ஆட்சியிலும் நம்பிக்கையில்லை, எல்லா ஆட்சியிலும் வேலை இருந்தது.

"மேன்முறையீடு எண்டால் என்னண்டு நினைக்கிறீர்?" என்று பேனையைத் திறந்துகொண்டு கேட்டார். "கீழை விட்ட பிழையை மேலை வடிவான எழுத்திலை திருப்பி எழுதுறது. எண்டாலும் போடுவம். சிலவேளை எழுதுறவனுக்குக் கை நோகும்."

மனுப் போட்டு மூன்று மாதம் போய்விட்டது. ஏழாம் மாதக் கிளினிக்கில் பெர்னடெட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்த பெண் டொக்டருக்கு முகம் மாறியது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது என்றார். கடைசி மட்டும் திரும்பாவிட்டால் கீறித்தான் எடுக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக் குத்துத் தொடங்கின உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும். அதற்கு முன்னமே கொண்டுவந்து படுக்க வைக்கலாமென்றால், காயப்பட்டவர்கள் நிலத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள்.

"பண்டத்தரிப்பிலையிருந்து பத்து மைல். சைக்கிள், வண்டில் ஒண்டும் சரிவராது," என்றார் டொக்டர். "உங்களிட்டைக் கார் இருக்கெல்லே?"

"இருக்கு மிஸ்," என்றார் கிறகோரி. "மன்றிலை இருக்கு."

மேன்முறையீடு கேட்கப்பட்ட நாளில் கிறகோரி வேளைக்கே போய் மாமரத்தடியில் நின்றார். ஒன்பது மணிக்குத் தெரு முடக்கில் ஒரு சத்தம் கேட்டது. இருபது வருஷம் கேட்ட சத்தம். பிள்ளையின் அழுகையைத் தாய் தெரிந்துகொள்கிற மாதிரி அவருக்கு அது தெரிந்தது. அவருடைய ஏ-40 படலைக்குள்ளே வந்து நின்றது. முன்னால் ஒரு சின்னக் கொடி. பின்கதவு திறந்தது. அங்கிகளைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு மூன்று நடுவர்கள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய தலைமை நடுவர் சீவரத்தினத்துக்கு முப்பது வயது இருக்கும். ஆறு மாதச் சட்டப் படிப்பில் முதலாவதாக வந்தவர்.

மன்றின் சாரதி இராசநாயகம் பொனற்றைத் திறந்து சேலைன் போத்தலைக் கழற்றிக்கொண்டிருந்தான். கிறகோரி கிட்டப் போனார். இரண்டு முழம் தள்ளியே மணம் அடித்தது.

"தம்பி, உது என்ரை கார்."

"ஓமண்ணை, நல்ல கார். சும்மா விட்டால் பழுதாப் போம் எண்டு ஓடிப் பேணச் சொல்லி உத்தரவு. ஆனால் காலமை வடி இல்லாட்டி எழும்பாது. ரியூப்பாலை இழுத்துத்தான் விட வேணும். உந்தப் பழக்கம் ஆர் பழக்கினதோ தெரியாது."

"வடி எங்காலை எடுக்கிறாய்?"

"சான்றுப்பொருள் ரெண்டு," என்று இராசநாயகம் வாயைத் துடைத்தான். "ஒரு கலன் முடிஞ்சுது. மற்றது தொடங்கியிருக்கு."

கிறகோரி அன்றைக்குத்தான் கன நாளைக்குப் பிறகு சிரித்தார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? காலையில் கடவுளே வந்து கொடியும் கட்டிக் கார் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்தார்.

அவருக்கு முன்னால் ஒரு தேங்காய்க் களவு வழக்கு. எடுத்தது தான்தான் என்று உண்மையான கள்ளனே வந்து ஒப்புக்கொண்டான். மன்று ஏற்றுக்கொண்டது. ஆனால் குற்றமற்றவர் ஆறு மாதத் தண்டனையில் நாலு மாதம் முடித்துவிட்டார்; பாதியில் விட்டால் பதிவேடு குழம்பும்; ஆகையால் மிச்ச இரண்டு மாதத்தையும் குற்றமற்றவராகவே முடிக்கும்படி தீர்ப்பாயிற்று. குற்றமற்றவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் ஏன் கும்பிட்டார் என்று கிறகோரிக்கு விளங்கவில்லை.

தலைமை நடுவர் அதோடு சின்னதாக ஒரு உரையும் ஆற்றினார். "மற்ற நாடுகளிலை ஒரு மேன்முறையீடு பத்து வருஷம் இழுபடுது. எங்கடை மன்று அப்பிடியில்லை. அநேகமாய் வழக்கைக் கேக்க முன்னமே தீர்ப்பு ஆயத்தமாய் இருக்கும். சனங்களின்ரை நேரத்தை நாங்கள் மதிக்கிறம்."

பிறகு கிறகோரியைக் கூப்பிட்டார்கள்.

"தம்பி..." என்று தொடங்கினார்.

"மாண்புமிகு," என்று எழுத்தர் திருத்தினார்.

"மாண்புமிகு தம்பி, உங்களை இண்டைக்கு இஞ்சை ஏத்திக்கொண்டு வந்த கார்தான் என்ரை சாட்சி. உங்கடை சாரதியைக் கூப்பிட்டு வாயை மணந்து பாருங்கோ. அவர் குடிச்சிருக்கிறாரோ எண்டும் கேளுங்கோ."

இராசநாயகத்தைக் கூப்பிட்டார்கள். விதிப்படி நடுவர்களின் மூன்று மூக்குகளும் மணந்தன. மூன்றுக்கும் மணந்தது. குடிக்கவில்லை, காரை எழுப்ப இழுத்துத் துப்பினேன் என்று இராசநாயகம் உள்ளதைச் சொன்னான். மூன்று நடுவர்களும் தலையைக் கூட்டிக் குசுகுசுத்தார்கள். பிறகு தலைமை நடுவர் நிமிர்ந்தார்.

"மன்றின்ரை கடமையிலை இருக்கிறவரின்ரை வாய் மணம் மன்றின்ரை மணம். மன்று குடிக்காது. ஆகவே இவர் குடிக்கேல்லை."

"அப்ப நானும் குடிக்கேல்லைத்தானே?"

"நீங்கள் அண்டைக்கு மன்றின்ரை கடமையிலை இருந்தனீங்களோ?"

"இல்லை. என்ரை பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போனனான்."

"அப்ப அது உங்கடை மணம்," என்றார் தலைமை நடுவர், இரக்கத்தோடு. "வித்தியாசம் விளங்குதெல்லே? தீர்ப்பை ஒத்திவைக்கிறன்."

தீர்ப்பு வரும் மட்டுமாவது காரை விடுங்கோ, மகளுக்குப் பிள்ளை குறுக்கே கிடக்குது என்று கிறகோரி கேட்டார். அது வேறு மனு, இந்த மனுவுக்குள் அதைக் கேட்க முடியாது என்றார்கள். அவர் வேறு மனுப் போட்டார். முதல் மனு நிலுவையில் இருக்க இரண்டாவது மனுவைத் தொட முடியாது என்று பதில் வந்தது. தம்பிஐயா அந்தப் பதிலை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "நல்ல எழுத்து," என்றார்.

குத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தொடங்கியது. மரியநாயகி உழவு மெசின் இருக்கிற வீடுகளுக்கு ஓடினாள். கிறகோரி சைக்கிளை எடுத்துக்கொண்டு உரும்பிராய்க்கு மிதித்தார். கார் முற்றத்தில், மாமரத்து நிழலில், கொடியோடு நின்றது. சாவியை எடுத்துக் காரைக் கொண்டு போயிருக்கலாம். ஆனால் முற்றத்தில் துவக்கோடு இரண்டு பேர் நின்றார்கள். அதோடு, கிறகோரி அந்த நேரம் வரைக்கும் சட்டத்தை நம்பினார். அதற்காகப் பிறகு அவர் தன்னை ஒருநாளும் மன்னிக்கவில்லை.

வேறு வழக்கு நடந்துகொண்டிருந்த மண்டபத்துக்குள் அவர் வியர்வையோடு போய் நின்றார்.

"ஐயா, பிள்ளைக்குக் குத்துத் தொடங்கிட்டுது. காரைத் தாங்கோ. ரெண்டு மணித்தியாலம். உங்கடை சாரதியே ஓடட்டும், நான் தொடமாட்டன்."

தலைமை நடுவர் பேனையை வைத்தார். அவர் கோபப்படவில்லை என்பதைப் பிறகு எல்லோரும் புகழ்ந்து சொன்னார்கள். "அண்ணை, உங்கடை கவலை எங்களுக்கு விளங்குது. எங்களுக்கும் அம்மா, அக்கா இருக்கினம். ஆனால் இண்டைக்கு உங்களுக்கு வளைஞ்சால் நாளைக்கு எல்லாருக்கும் வளைய வேணும். மனுவை எழுத்திலை தாங்கோ. எதிர்த்தரப்புக்கு ஏழு நாள் அறிவித்தல் குடுக்க வேணும்."

"பிள்ளை ஏழு நாள் பொறுக்காது ஐயா."

"அந்தப் பிள்ளை இந்த வழக்கிலை ஒரு தரப்பில்லையே. பிறக்கவுமில்லை. மன்று அதை எப்பிடிக் கேக்கிறது?" மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் ஆமோதித்தார்கள். "மற்றது, நாலு மணிக்கு நாங்களும் வீட்டை போக வேணுமெல்லே."

கிறகோரி திரும்பிப் பண்டத்தரிப்புக்கு மிதித்தார். வழியில், மானிப்பாய்க்கு இப்பால், எதிரே லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்று பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் வைக்கோலுக்கு மேல் பெர்னடெட் கிடந்தாள். அவளுடைய தலையை மடியில் வைத்து மரியநாயகி செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். செல் விழுந்து குழி விழுந்த தெரு. ஒவ்வொரு குழிக்கும் பெர்னடெட் கத்தினாள். பிறகு கத்தவில்லை. கிறகோரி சைக்கிளைத் தெருவில் போட்டுவிட்டுப் பெட்டியில் ஏறி, குழி வருகிற இடங்களில் மகளின் இடுப்பைக் கைகளால் தாங்கிப் பிடித்தபடி வந்தார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணியாகிவிட்டது. பெர்னடெட் தப்பினாள். பிள்ளை தப்பவில்லை. ஆண் பிள்ளை, ஏழு இறாத்தல், ஒரு குறையுமில்லை. ஒரு மணித்தியாலம் முந்தி வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, கிறகோரியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை. சேமக்காலையில் மதிலோரம் புதைக்க இடம் கொடுத்தார்கள். பெட்டி மிகவும் சின்னது. கிறகோரி அதைக் கக்கத்தில் வைத்துச் சைக்கிளில் கொண்டுபோனார்.

பிறகு மூன்று மாதம் போனது. மன்றிலிருந்து கடிதம் வந்தபோது மரியநாயகி அதை அடுப்புக்குள் வைக்கப் போனாள். தம்பிஐயாதான் சைக்கிளில் வந்து தடுத்தார்.

"விடுதலையாம் காணும். மேல் மன்று தன்ரை தீர்ப்புகளைத் திரட்டிப் புத்தகம் போடப்போகுது. எண்பத்தேழு தீர்ப்பு. எண்பத்தேழும் தண்டனையை உறுதிப்படுத்தினது. ஒரு விடுதலையாவது இருந்தால்தான் நடுநிலை தெரியுமெண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். தேடிப் பார்த்ததிலை உம்மடை வழக்குத்தான் மிச்சம் இருந்திருக்கு."

விழா வைத்தார்கள். கதிரைகள், ஒலிபெருக்கி, சோடாப் போத்தல்கள். தலைமை நடுவர் சீவரத்தினம் தீர்ப்பை நின்றுகொண்டு வாசித்தார்.

"மேன்முறையீட்டாளர் கிறகோரி அவர்களின் வாயில் எழும் சாராய மணம், அவர் தமது வாகனத்தை இயக்கும் முறையால் எழுவதே என இம்மன்று காண்கிறது. அம்மணத்தைக் கொண்டு அவர் குடித்திருக்கிறார் என எந்த உத்தியோகத்தரும் எக்காலத்திலும் கொள்ளலாகாது. இடைக்காலத்தில் மேன்முறையீட்டாளரின் குடும்பத்துக்கு ஏற்பட்ட வசதியீனத்துக்காக மன்று வருந்துகிறது. இத்தீர்ப்பு இறுதியானது. இதற்கு மேல் மேன்முறையீடு இல்லை."

கை தட்டினார்கள். கிறகோரி 'வசதியீனம்' என்ற சொல்லை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். ஏழு இறாத்தல் வசதியீனம். தீர்ப்பின் பிரதியை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார். சாவியை வாங்கினார். காரின் கொடியைப் பிடுங்கித் தலைமை நடுவரின் கையில் கொடுத்தார். பொனற்றைத் திறந்து, இராசநாயகத்திடம் போத்தலைக் கேட்டார். அவன் கடைசியாக இருந்த வடியை விட்டுக் கொடுத்தான்.

ரியூப்பை வாயில் வைத்து இழுத்தார். துப்புவார் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அவர் துப்பவில்லை. தொண்டைக் குழி ஏறி இறங்கியது. ரியூப்பைக் காபரேற்றரில் சொருகினார். கார் இருமி எழும்பியது. மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டுப் போத்தலைக் கழற்றி, அரைவாசிக்கு மேல் இருந்ததை அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தார். இருபத்தாறு வருஷம். கண்ணால் தண்ணீர் ஓடியது. நேரே தலைமை நடுவரிடம் போய், முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார்.

"இப்ப மணந்து சொல்லுங்கோ ஐயா. நான் குடிச்சிருக்கிறனோ?"

தலைமை நடுவர் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தினார். ஒலிபெருக்கி இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. "தீர்ப்புக் குடுத்தாச்சு அண்ணை," என்றார். "இனி மணக்கிறதுக்கு எங்களுக்கு அதிகாரமில்லை."

சண்டிலிப்பாய்ச் சந்தியில் கார் தெருவின் இரண்டு பக்கத்தையும் தொட்டுத் தொட்டு வந்தது. மறித்தார்கள். அதே மூன்று பேர். தடிமன்காரனுக்குச் சுகமாகியிருந்தது, இந்த முறை முதலில் முகத்தைச் சுளித்தவன் அவன்தான். கிறகோரி சேட்டுப் பையிலிருந்து கடுதாசியை எடுத்து நீட்டினார். மேலாள் அதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசித்தான். முத்திரையைத் தடவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்று மரியாதை செய்தான்.

"போங்கோ அண்ணை."

"தம்பி, நான் நிறை வெறியிலை நிக்கிறன். என்னைப் பிடியுங்கோ."

"இல்லை அண்ணை. நீங்கள் குடிக்கேல்லை. இறுதித் தீர்ப்பு."

"அண்டைக்கு நான் குடிக்கேல்லை. அண்டைக்குத்தான் பிடிச்சனீங்கள்."

மேலாள் கடுதாசியை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். பின்னால் இரண்டு உழவு மெசின்கள் நின்றன. தெருவை மறிக்க வேண்டாம் என்று கும்பிட்டு அனுப்பினார்கள்.

கிறகோரி வீட்டுக்குப் போகவில்லை. சேமக்காலையின் மதிலோரமாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தி, கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு இறங்கினார். புல் முளைத்திருந்தது. பெயர் வைக்காத பிள்ளைக்குச் சிலுவையில் பெயர் எழுதவில்லை. அவர் பக்கத்தில் குந்தினார்.

"கார் கொண்டு வந்திட்டன் ராசா," என்றார்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நிற்பாட்டினால் திருப்பி எழுப்புவதற்குப் போத்தலில் ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை.